போர்க்கப்பல் கெடு ஒரு தரப்புக்கு மட்டுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நமது கடற்படைக்குக் கட்டப்படும் போர்க்கப்பல்கள் குறித்த காலத்தில் முடிவதில்லை என்பது பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அரசின் கண்காணிப்பை இறுக்க வேண்டும், கெடு தவறும் ஒப்பந்ததாரருக்கு அபராதத்தைக் கூட்ட வேண்டும் என்று அதில் சொல்லப்பட்டிருந்தது. இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனாலும், கப்பல் தளத்தின் வாசலில் நின்று பார்ப்பவர் கண்ணில் படும் தாமதம் வேறு. அந்தக் கப்பலுக்கு ஒரு வால்வு உடலை வார்த்துக் கொடுத்துவிட்டுப் பணத்துக்குக் காத்திருப்பவர் அனுபவிக்கும் தாமதம் வேறு. நான் இரண்டாவது வகை. கோவை கணபதியில் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒரு சிறு பவுண்டரியும், அதை ஒட்டி நான்கு லேத் கொண்ட பட்டறையும் நடத்தி வருகிறேன். பம்பு வார்ப்படம்தான் எங்களுக்குச் சோறு போடும் வேலை. கடந்த ஏழெட்டு ஆண்டுகளாகக் கப்பல்களில் கடல்நீர் ஓடும் குழாய்களுக்கான வால்வு உடல்களையும் செய்து தருகிறோம். எங்களிடம் வாங்குவது ஒரு வால்வு நிறுவனம். அவர்களிடம் வாங்குவது கப்பல் தளம். தளத்திடம் வாங்குவது கடற்படை. எங்கள் பொருள் எந்தக் கப்பலின் எந்த அறையில் இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

கடலே இல்லாத ஊரில் இருந்துகொண்டு கப்பலைப் பற்றி எழுதுகிறானே என்று வாசகர்களுக்குத் தோன்றலாம். கோவை ரெட்ஃபீல்ட்ஸில்தான் கடற்படையின் தலைமைத்துவப் பயிற்சி நிலையமான ஐ.என்.எஸ். அக்ரணி இருக்கிறது, இன்று கோவாவில் உள்ள கடற்படை விமானத் தளமான ஐ.என்.எஸ். ஹன்சா 1961-இல் தொடங்கப்பட்டதே நமது சூலூரில்தான். அது போகட்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக லாரியில் ஏற்றி அனுப்பினால் கொச்சி கப்பல் தளம் எங்களுக்கு ஓர் இரவுப் பயணம். அங்கே கட்டப்பட்டு 2022 செப்டம்பர் 2 அன்று கடற்படையில் சேர்ந்த விமானந்தாங்கிக் கப்பலான ஐ.என்.எஸ். விக்ராந்த், 76 சதவீதம் உள்நாட்டுப் பொருள்களைக் கொண்டது என்று அரசு பெருமையோடு அறிவித்தது. நூற்றுக்கும் மேற்பட்ட சிறு, குறு நிறுவனங்கள் அதற்கு உழைத்தன என்றும் அறிவித்தது. அப்படியானால், கப்பல் தாமதமானதிலும் விலை ஏறியதிலும் இந்தக் கடைசிப் படிகளில் நடப்பதற்குப் பங்கு இருக்கத்தான் வேண்டும். அதைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை.

முதலில் பழைய கணக்கு. 2010-11-ஆம் ஆண்டுக்கான தணிக்கை அறிக்கை ஒன்றில், உள்நாட்டில் போர்க்கப்பல் கட்டுவதை சி.ஏ.ஜி. (இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) விரிவாக ஆராய்ந்தார். கொல்கத்தா வகை நாசகாரிக் கப்பல்கள் மூன்றுக்கும் சேர்த்து முதலில் ஒப்புதல் தரப்பட்ட தொகை சுமார் 3,580 கோடி ரூபாய். அது 11,662 கோடியாக ஏறியிருந்தது. ஷிவாலிக் வகை ஃபிரிகேட் கப்பல்களுக்கு 2,250 கோடி என்றிருந்தது 8,101 கோடி ஆயிற்று. கொல்கத்தா வகையில் முதலாவதான ஐ.என்.எஸ். கொல்கத்தா 2010-இல் வரவேண்டியது, 2014 ஆகஸ்டில்தான் வந்து சேர்ந்தது. விக்ராந்துக்கு 2005-இல் உருக்குத் தகடு வெட்டினார்கள், 2009-இல் கீல் எனப்படும் அடித்தண்டைப் பதித்தார்கள், 2013-இல் மிதக்கவிட்டார்கள். கடற்படையில் சேர அதற்குப் பின்னும் ஒன்பது ஆண்டுகள் ஆயின. இதற்கெல்லாம் கப்பல் தளத்தின் சோம்பேறித்தனம் ஒன்றே காரணம் என்று சொல்லிவிட்டால் கதை எளிதாக முடிந்துவிடும். விக்ராந்துக்கு வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய சிறப்பு உருக்கு வராமல் போனது. ஐதராபாத்தில் உள்ள பாதுகாப்பு உலோக ஆய்வகமும் செயில் நிறுவனமும் சேர்ந்து டி.எம்.ஆர். 249 என்ற உருக்கை உருவாக்கிய பின்பே வேலை நகர்ந்தது. மற்ற வகைகளில் எந்த ஆயுதத்தைப் பொருத்துவது என்ற முடிவு, கட்டத் தொடங்கிய பிறகும் திறந்தே கிடந்தது. கப்பலின் வயிற்றில் இடம் ஒதுக்கி வைத்துக்கொண்டு, அந்த இடத்தில் என்ன வரப்போகிறது என்று தெரியாமல் சுற்றியிருக்கும் குழாயையும் கம்பியையும் பொருத்துவது எப்படி?

இந்த இடத்தில் எனது பட்டறையில் நடந்த ஒன்றைச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன். எந்த நிறுவனம், எந்தத் தளம் என்பது இங்கே முக்கியமில்லை. தனிப்பட்ட எவர் மீதும் எனக்கு வருத்தமும் இல்லை.

200 மில்லிமீட்டர் அளவுள்ள வால்வு உடல்கள் இருபத்து நான்கு செய்துதரச் சொல்லி ஆர்டர் வந்தது. உலோகம், நிக்கல் அலுமினியம் வெண்கலம். கடல்நீரைத் தாங்குவதில் கெட்டிக்கார உலோகம், ஆனால் ஊற்றுவதற்கு முரண்டு பிடிக்கும். மோல்டுக்குள் சலசலவென்று பாய்ந்தால் மேலே படியும் அலுமினிய ஆக்சைடு படலம் உள்ளே மடிந்துபோய், வெளியே பளபளப்பாகத் தெரியும் வார்ப்படம் பிறகு நீரழுத்தச் சோதனையில் வியர்க்கத் தொடங்கும். அதனால் அடியிலிருந்து மெதுவாக ஏறும்படி வழி வைத்து, ஒவ்வொரு உருக்கலுக்கும் ஹீட் நம்பர் பதித்து, அதே உருக்கலில் சோதனைக் கம்பியும் வார்த்து வைக்க வேண்டும். இதெல்லாம் எங்களுக்குப் பழகிய வேலை. ஆர்டரில் தரப்பட்ட காலம் 120 நாள். நாங்கள் ஒப்படைத்தது 163-ஆவது நாள். இந்த 163 நாளும் எங்கே போயின என்று என் டைரியில் குறிப்பு இருக்கிறது. பேட்டர்ன் (வார்ப்பு மாதிரி) வரைபடத்துக்கு ஒப்புதல் வரக் காத்திருந்தது 34 நாள். வார்ப்படங்கள் தயாரான பின், நீரழுத்தச் சோதனையை நேரில் பார்க்க ஆய்வாளர் வருவதற்குக் காத்திருந்தது 26 நாள். வந்தவர் நல்ல மனிதர், கறாரானவர். ஒரே ஆளாகப் பல மாவட்டங்களுக்கு அலைந்துகொண்டிருந்தார். அந்த 26 நாளும் உடல்கள் தார்பாய்க்கு அடியில் கிடந்தன. எங்கள் மேஸ்திரி ஒருநாள் காலையில் வந்து, "ஏனுங்ணா, இத எத்தன நாளைக்குத் தாங்க மூடி வெச்சுப் பூச பண்றது?" என்று கேட்டார். பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

அதற்குப் பிறகுதான் பெரிய அடி விழுந்தது. ஆய்வு முடிந்து, குழாயோடு போல்ட் போட்டு இணைக்கும் விளிம்பான ஃபிளேஞ்சில் எட்டு எட்டுத் துளைகளாக ஒன்பது உடல்களில் துளையிட்டு முடித்திருந்த வேளையில், திருத்திய வரைபடம் ஒன்று வரப்போகிறது, வேலையை நிறுத்துங்கள் என்று மின்னஞ்சல் வந்தது. அந்தக் குழாய்வழியின் அழுத்த வகையை உயர்த்திவிட்டார்கள். 200 மில்லிமீட்டர் ஃபிளேஞ்சில் குறைந்த அழுத்தத்துக்கு எட்டுத் துளை, அடுத்த வகைக்குப் பன்னிரண்டு துளை. எட்டு போட்ட இடத்தில் பன்னிரண்டைப் போட முடியாது. இரண்டு துளைகளுக்கு நடுவே நிற்க வேண்டிய உலோகம் நிற்காது. திருத்திய வரைபடம் கைக்கு வர 45 நாள் ஆயிற்று. ஒன்பது உடல்களையும் உடைத்து உலையில் போட்டோம். ஆக, எங்கள் கையில் வேலை இருந்தது, மறுபடி வார்த்த நாள்களையும் சேர்த்து, 58 நாள் மட்டுமே. பில் தீர்ந்தபோது, கெடு தாண்டிய ஆறு வாரத்துக்கு வாரம் அரை சதவீதம் வீதம் மூன்று சதவீதம் எல்.டி. (தாமத அபராதம்) பிடித்திருந்தார்கள். கேட்டதற்கு, தளம் எங்களுக்குப் பிடிக்கிறது, நாங்கள் உங்களுக்குப் பிடிக்கிறோம் என்றார்கள். அவர்கள் சொன்னதும் பொய்யல்ல.

கட்டுரையாளர் கேட்கும் கூடுதல் அபராதத்தை நான் ஏன் சந்தேகத்தோடு பார்க்கிறேன் என்பது இப்போது விளங்கும் என்று நினைக்கிறேன். சோமனூர், பல்லடம் பக்கம் கூலிக்குத் தறி ஓட்டுபவர்களைக் கேட்டால் தெரியும்: சந்தையில் துணி விலை இறங்கினால் அது கூலிக் குறைப்பாகத் தறிக்கூடம் வரை ஒரே வாரத்தில் வந்துவிடும், விலை ஏறியது மட்டும் வழியில் எங்கோ தங்கிவிடும். கப்பல் தளத்தின் மீது போடும் அபராதமும் அப்படியே கீழே உருண்டு வந்து, பேசுவதற்கு ஆளில்லாத படியில் நிற்கிறது. நாள்களைத் தின்றது யார் என்ற கேள்வியை அது தொடுவதே இல்லை. ஒப்பந்தத்தில் கெடு என்பது விற்பவருக்கு மட்டும் எழுதப்பட்டிருக்கிறது. வரைபடத்துக்கு எத்தனை நாளில் ஒப்புதல் தருவோம், ஆய்வுக்கு அழைத்தால் எத்தனை நாளில் வருவோம், திருத்தம் செய்தால் கெடுவை எத்தனை நாள் நீட்டுவோம் என்று வாங்குபவர் தரப்பும் தேதியிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த நாள் தவறினால் விற்பவரின் கெடு தானாகவே அந்த அளவுக்குத் தள்ளிப்போக வேண்டும். என் கடிதத்தின் முதன்மையான கோரிக்கை இதுதான்.

கண்காணிப்பு வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 1963 ஏப்ரல் 10 அன்று அமெரிக்காவின் த்ரெஷர் என்ற நீர்மூழ்கிக் கப்பல் 129 பேரோடு அட்லாண்டிக்கில் மூழ்கியது. கடல்நீர்க் குழாய் இணைப்பு ஒன்று விட்டுப்போனதே பெரும்பாலும் காரணமாக இருக்க வேண்டும் என்று விசாரணையில் சொல்லப்பட்டது. அதன் பிறகுதான் கடல்நீரைத் தொடும் ஒவ்வொரு பாகமும் எந்த உருக்கலில் வந்தது, யார் சோதித்தது என்பதைக் கடைசி வரை பின்தொடரும் சப்சேஃப் என்ற முறையை அந்நாட்டுக் கடற்படை கொண்டுவந்தது. நாங்கள் பதிக்கும் ஹீட் நம்பரும் அதே மரபில் வந்ததுதான். ஆகவே ஆய்வாளர் வராவிட்டால் தானே தேறியதாகக் கொள்ளலாம் என்றெல்லாம் நான் கேட்கமாட்டேன். அப்படிக் கேட்கும் தொழில்முனைவோரைக் கண்டால் எனக்கே பயம். ஆய்வாளர் போதவில்லை என்றால் ஆளைக் கூட்டட்டும், அல்லது கோவையிலேயே உள்ள சிட்டார்க் போன்ற பரிசோதனை நிலையங்களுக்கு உரிய அதிகாரம் அளித்து, அவற்றின் முன்னிலையில் சோதனை நடத்த வழி செய்யட்டும். பம்புக்கும் மோட்டாருக்கும் அவர்கள் தரும் சான்றிதழை நாடே நம்புகிறது.

கப்பல் தளங்களில் கடற்படையின் மேற்பார்வைக் குழுக்கள் நிரந்தரமாகவே இருக்கின்றன. தளத்துக்குள் நடப்பதை அவர்கள் கூர்ந்து பார்க்கிறார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கப்பலின் நாள்கள் தளத்துக்கு வெளியேதான் அதிகம் கரைகின்றன. அங்கே பார்ப்பதற்கு எவரும் இல்லை. என் டைரியில் இருப்பது போன்ற ஒரு கணக்கு, எந்த நாள் யார் மேசையில் கழிந்தது என்ற கணக்கு, ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரே பதிவேடாக இருந்து, ஆண்டுக்கு ஒருமுறை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டால், எவ்வளவு அபராதம் போடுவது என்ற பேச்சுக்கே பாதி வேலை இருக்காது. ஆயுதத்தின் விவரங்களை மறைத்துக்கொள்ளலாம். ஓர் ஒப்புதல் கடிதம் எத்தனை நாள் கிடந்தது என்பதில் என்ன இராணுவ இரகசியம் இருக்க முடியும்?

வரைபடம் முடியாமல் கட்டத் தொடங்குவதற்கு வருகிறேன். நமது நாட்டில் மட்டும் நடப்பதல்ல இது. பணத்துக்கும் அனுபவத்துக்கும் பஞ்சமில்லாத அமெரிக்கக் கடற்படை, 2020-இல் கான்ஸ்டலேஷன் வகை ஃபிரிகேட் கப்பலுக்கு ஒப்பந்தம் போட்டது. ஐரோப்பாவில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கப்பலின் வடிவத்தை எடுத்துக்கொள்வோம், ஆபத்தில்லை என்பதுதான் எண்ணம். மூல வடிவத்தோடு 85 சதவீதம் ஒத்திருக்கும் என்று தொடங்கியது, திருத்தத்தின் மேல் திருத்தமாகப் போய்ச் சுமார் 15 சதவீதத்துக்கு வந்து நின்றது. வடிவமைப்பு முடியாமலே 2022 ஆகஸ்டில் கட்டுமானத்தைத் தொடங்கினார்கள். முதல் கப்பலின் ஒப்படைப்பு மூன்று ஆண்டுகள் தள்ளிப்போயிற்று. 2025 நவம்பரில், முதல் இரண்டு கப்பல்களைத் தவிர மற்றவற்றைக் கைவிடுவதாக அறிவித்துவிட்டார்கள். வீடு கட்டும்போது நிலை வைத்த பிறகு வாசலை வேறு பக்கம் மாற்றச் சொல்பவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கொத்தனார் மாற்றித் தருவார்; ஆனால் அந்தச் செலவைக் கொத்தனார் தலையில் கட்டுவதில்லை. உருக்கு வெட்டுவதற்கு முன் வடிவமைப்பில் எவ்வளவு முடிந்திருக்க வேண்டும் என்பதை ஒரு விதியாகவே வைத்து, அதை மீறிக் கட்டத் தொடங்க வேண்டுமானால் யார் அனுமதித்தார் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். அரசின் கண்காணிப்பு முதலில் அரசின் மேலேயே விழ வேண்டிய இடம் இது.

நமது தளங்கள் முன்னேறியிருக்கின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். விசாகப்பட்டினம் வகை நாசகாரிகளில் முதலாவது 2015 ஏப்ரலில் மிதக்கவிடப்பட்டு 2021 நவம்பரில் கடற்படையில் சேர்ந்தது. அதே மும்பை மசகான் தளத்தில் கட்டப்பட்ட நான்காவது கப்பலான ஐ.என்.எஸ். சூரத், 2022 மே மாதம் மிதக்கவிடப்பட்டு, 31 மாதங்களில் ஒப்படைக்கப்பட்டு, 2025 ஜனவரி 15 அன்று சேவைக்கு வந்துவிட்டது. நீலகிரி வகையைச் சேர்ந்த உதயகிரிக்கு அதே கணக்கில் 37 மாதங்கள். பாராட்ட வேண்டிய வேகம்தான். ஆனால் கடிகாரத்தை எங்கே தொடங்குகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். புதிய முறையில் கப்பலைப் பெரிய பெரிய துண்டுகளாகச் செய்து, குழாயும் கம்பியும் உள்ளே பொருத்திய பிறகுதான் ஒன்று சேர்க்கிறார்கள். ஆகையால் மிதக்கவிடும்போதே பாதி வீடு குடிபுகத் தயாராக இருக்கிறது. மிதக்கவிட்ட நாளிலிருந்து எண்ணினால் வேகம் உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும். உருக்கு வெட்டிய நாளிலிருந்து ஒப்படைத்த நாள் வரை என்று ஒரே அளவுகோலை எல்லாத் தளங்களுக்கும் வைத்தால்தான் ஊக்கத்தொகை பற்றிய பேச்சே நேர்மையாக இருக்கும். சென்னைக்கு அருகே காட்டுப்பள்ளியில் உள்ள தனியார் தளம், கடலோரக் காவல்படைக்கான ரோந்துக் கப்பல்கள் ஏழையும் குறித்த நாளுக்கு முன்பே கொடுத்ததை இங்கே நினைவூட்டலாம். அதே இடத்தில் உருவான நீர்மூழ்கி எதிர்ப்புக் கப்பலான ஐ.என்.எஸ். அர்ணாலாவுக்கு 2019 ஏப்ரலில் ஒப்பந்தம் போட்டு, அது சேவைக்கு வர 2025 ஜூன் ஆயிற்று. கொரோனா இடையில் வந்தது உண்மைதான். ஆனாலும் ஆயுதமும் சோனார் கருவியும் கூடக் கூடத் தளத்தின் கையில் இல்லாத நாள்களும் கூடுகின்றன என்றுதான் எனக்குப் படுகிறது.

இனி ஊக்கத்தொகை. இதற்கு வெளிநாட்டுப் பாடம் படிக்குமுன் திருச்செங்கோடு வரை போய் வந்தால் போதும் என்பேன். நாடெங்கும் போர்வெல் போடும் அந்த ஊர் வண்டிக்காரர்கள், மொத்தமாக இவ்வளவு என்று பேசுவதில்லை. அடிக்கு இவ்வளவு, குறிப்பிட்ட ஆழத்துக்குக் கீழே போனால் அடிக்கு இவ்வளவு கூடுதல், கேசிங் பைப் தனிக் கணக்கு. பூமிக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது இரு தரப்புக்கும் தெரியாது என்பதை இருவரும் ஒப்புக்கொண்டு போடும் ஒப்பந்தம் அது. ஒரு வகையின் முதல் கப்பலும் அப்படித்தான். அதை ஒரே உறுதியான விலைக்கு எழுதி வாங்கினால், தளம் பயத்தில் விலையை ஏற்றிச் சொல்லும், அல்லது குறைத்துச் சொல்லிவிட்டு நடுவில் படுத்துக்கொள்ளும். ஆன செலவோடு இலாபமும் தருகிறோம் என்றால், செலவு ஏறுவதில் தளத்துக்கு வருத்தமே இருக்காது. அமெரிக்காவில் இரண்டுக்கும் நடுவே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். எடுத்துக்காட்டாக, இலக்கு விலை 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 90 ரூபாயில் முடித்தால் மிச்சமான 10 ரூபாயை அரசும் தளமும் பாதிப் பாதியாக எடுத்துக்கொள்ளும். 110 ஆனால் கூடுதல் 10-ஐயும் அவ்வாறே பகிர்ந்து சுமக்கும். 120-ஐத் தாண்டினால் மேற்கொண்டு ஆவது முழுவதும் தளத்தின் பாடு. முதல் கப்பலுக்கும் இரண்டாவதற்கும் இந்த வழி, மூன்றாவதிலிருந்து உறுதி விலை என்று வைத்தால் நியாயமாக இருக்கும் என்பது என் கருத்து.

ஆனால் பணத்தைக் கொடுத்துவிட்டால் வேகம் தானாக வரும் என்று நம்புவதும் ஏமாற்றத்தில்தான் முடியும். அமெரிக்காவில் 2014 முதல் 2023 வரை கப்பல் கட்டும் தொழிலைத் தூக்கிவிட 580 கோடி டாலருக்கு மேல் செலவிட்டிருக்கிறார்கள்; அதனால் விளைந்தது என்ன என்பதைக் கடற்படை முழுமையாக அளந்து பார்க்கவில்லை என்று அந்நாட்டுத் தணிக்கை அமைப்பே 2025-இல் குறை சொன்னது. நமது மத்திய அமைச்சரவையும் 2025 செப்டம்பரில் கப்பல் கட்டும் தொழிலுக்கு 69,725 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்திருக்கிறது. அது பெரும்பாலும் வணிகக் கப்பல்களைக் குறிவைத்தது என்றாலும், தளங்களும் பட்டறைகளும் இரண்டுக்கும் ஒன்றுதான். தூத்துக்குடியில் கொச்சி, மசகான் தளங்கள் தலா 15,000 கோடி ரூபாயில் புதிய தளங்கள் அமைக்கத் தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. இந்தப் பணம் இறங்குவதற்கு முன்பே, எந்த வேலை எந்த நாளில் முடிந்தால் எவ்வளவு என்று எழுதிவைக்க வேண்டும்.

அபராத விதிகளில் அரசு ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. 2025 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்த பாதுகாப்புக் கொள்முதல் கையேட்டில், ஒரு பொருளை உள்நாட்டில் புதிதாக உருவாக்கும் காலத்துக்கு எல்.டி. கிடையாது, மாதிரி தேறிய பின் குறைந்தபட்சம் 0.1 சதவீதம், மிக நீண்ட தாமதத்துக்கு மட்டுமே 10 சதவீதம் வரை போகலாம். வரவேற்கிறேன். ஆனால் இந்தக் கையேடு அன்றாடக் கொள்முதலுக்கானது. புதிய போர்க்கப்பல் வாங்குவது வேறு நூலில் வருகிறது. அதைவிட முக்கியம், மேலே தரப்படும் சலுகை கீழே இறங்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. சாமி வரங்கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. தளத்துக்குத் தரும் ஊக்கத்தொகையில் ஒரு பங்கு, முன்கூட்டி ஒப்படைத்த துணை ஒப்பந்ததாரருக்குச் சேர்ந்தது என்ற சான்றைக் காட்டினால்தான் அடுத்த தவணை என்று அரசு விதிக்க வேண்டும். மேலே தள்ளுபடி செய்த எல்.டி.யைக் கீழே பிடிக்கக் கூடாது என்பதையும் அதே வரியில் எழுத வேண்டும்.

பணம் பற்றிய சட்டம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி, பொருளை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி. வருமான வரிச் சட்டத்திலும் 43பி பிரிவில் ஓர் உட்பிரிவு சேர்த்து, அப்படிக் காலத்தில் தராத தொகையை அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாமல் செய்தார்கள். ஏட்டில் இதற்கு மேல் என்ன வேண்டும்? நடப்பில், ஏற்றுக்கொண்ட நாள் எது என்பதில்தான் விளையாட்டு எல்லாம். தளம் ஆய்ந்து, கப்பலில் பொருத்தி, அவர்களுக்குக் கடற்படையின் தவணை வந்து, பிறகு எங்களிடம் வாங்கியவருக்கு வந்து, அதன் பின் எங்களுக்கு. மூன்று மடங்கு வட்டி கேட்டு மனுப் போடும் சிறு பட்டறைக்கு அடுத்த ஆர்டர் வராது என்பதைக் கோவையில் எந்தத் தொழில் சங்கக் கூட்டத்திலும் கேட்கலாம். என்னிடம் வாங்கும் ஒருவர், சிறு நிறுவனம் என்பதற்கு அரசு தரும் உத்யம் பதிவு எண்ணைப் பில்லில் போடாமல் அனுப்ப முடியுமா என்று மிகப் பணிவாகவே கேட்டார். நான் போட்டுத்தான் அனுப்பினேன். அவரும் சங்கடத்தோடுதான் கேட்டார். போர்க்கப்பல் ஒப்பந்தங்களில், எனக்கு வந்தால் உனக்கு என்ற ஷரத்தே செல்லாது என்று அறிவித்து, கீழ்ப்படிகளுக்குப் பணம் போன தேதியைத் தளத்தின் தவணைக் கணக்கோடு சேர்த்துச் சரிபார்த்தால், வங்கிக் கடன் வட்டியை எங்கள் விலைப்புள்ளியில் ஏற்றிச் சொல்ல வேண்டிய தேவை இருக்காது. கப்பலின் விலை ஏறுவதில் அந்த வட்டியும் ஒளிந்திருக்கிறது.

ஒப்பந்ததாரரின் பணநிலையைப் பார்ப்பதும் கண்காணிப்பில் சேர்ந்ததே. குஜராத்தின் பிபாவாவ் தளத்துக்கு 2011-இல் கடற்படை ரோந்துக் கப்பல்கள் ஐந்துக்கு ஒப்பந்தம் தரப்பட்டது. 2017-இல் இரண்டு மிதக்கவிடப்பட்டன. நிறுவனம் கடனில் மூழ்கி, வங்கி உத்தரவாதத்தைக் கடற்படை பணமாக்கிக்கொண்டு, 2020-இல் ஒப்பந்தமே இரத்தானது. ஒரு கப்பல்கூடச் சேவைக்கு வரவில்லை. மிகக் குறைந்த விலை சொன்னவருக்கே வேலை என்ற ஒரே விதியைப் பிடித்துக்கொண்டு, அந்த விலையில் அவரால் கட்ட முடியுமா என்று ஆண்டுதோறும் யாரும் கேட்காமல் விட்டதன் பலனாகத்தான் எனக்கு இது தோன்றுகிறது. அந்தத் தளத்துக்குப் பொருள் அனுப்பிவிட்டுக் காத்திருந்தவர்களின் நிலையை நினைத்துப் பார்க்கிறேன். கப்பலை இழந்த கடற்படைக்கு வங்கி உத்தரவாதமாவது கிடைத்தது.

தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனையங்களில் கோவையும் சேலமும் இருக்கின்றன. 2019-இல் திருச்சியில் அது தொடங்கிவைக்கப்பட்டது முதல் கண்காட்சி, கருத்தரங்கு, கைகுலுக்கல் எதற்கும் குறைவில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு நிலமும் மானியமும் தேவைதான். அவற்றைவிட, கோவையின் கொடிசியா தொழிற்கண்காட்சி வளாகத்தில் கடற்படையின் ஆய்வு அலுவலர்கள் இருவரை நிரந்தரமாக உட்கார வைத்தால் அதிகப் பயன் இருக்கும். கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் பகுதிகளில் உள்ள பட்டறைகளுக்கு, அழைத்த மூன்றாம் நாளே அவர்கள் வந்துவிட முடியும். இரண்டு பேருடைய சம்பளத்தையும், ஒரு நாசகாரிக் கப்பல் ஒரு மாதம் தாமதமாவதால் ஆகும் செலவையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுப்பைத் தில்லியில் கணக்குத் தெரிந்தவர்களிடம் விட்டுவிடுகிறேன்.

அதே 200 மில்லிமீட்டர் வால்வு உடல்களுக்கு, இந்த முறை முப்பத்தாறு எண்ணத்துக்கு, விலைப்புள்ளி கேட்டுப் போன வாரம் படிவம் வந்திருக்கிறது. ஃபிளேஞ்சில் பன்னிரண்டு துளை என்று தெளிவாகவே போட்டிருக்கிறார்கள். ஒப்படைப்புக் காலம் 120 நாள், தாமதத்துக்கு வாரம் அரை சதவீதம் என்பவற்றுக்குக் கட்டங்கள் இருக்கின்றன. வரைபட ஒப்புதலுக்கும் ஆய்வுக்கும் எத்தனை நாள் என்பதற்குக் கட்டம் இல்லை. படிவத்தின் ஓரத்தில் அந்த இரண்டு வரிகளையும் கையால் எழுதி, பக்கத்தில் முத்திரை வைத்து அனுப்பலாம் என்றிருக்கிறேன். அப்படி எழுதினால் விலைப்புள்ளி நிராகரிக்கப்படும் என்று எங்கள் கணக்கர் சொல்கிறார். கடைசி நாள் வரும் வெள்ளிக்கிழமை.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்,
வார்ப்படத் தொழில் செய்பவர்,
கணபதி, கோயம்புத்தூர்.